தமிழ் விக்கிப்பீடியாவுல எழுதக் கத்துக்கிட்டேன்: எட்டு மாச அனுபவம்

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவங்க எல்லாருக்கும் தமிழ் விக்கிப்பீடியா தெரிஞ்சிருக்கும், நானும் மூணு வருசமா படிச்சிட்டுத்தான் இருந்தேன், ஆனா அதுல நாமளும் எழுதலாம்னு தெரிஞ்சும் நமக்கெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டேன். போன வருசம்தான் அக்கவுண்ட் தொடங்கினேன். எட்டு மாசம் ஆச்சு. படிக்கிறதுக்கு அது எப்படின்னு எல்லாருக்கும் தெரியும், எழுதக் கத்துக்கிற இடமா எப்படி இருக்குன்னு யாரும் சொல்லி நான் பாக்கல, அதனாலதான் இது. மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, காசு கட்டிப் போன எந்த கோர்ஸ்லயும் இவ்வளவு கத்துக்கல.

உள்ள போன உடனே புதுக் கட்டுரை தொடங்காதீங்க. இது ஒண்ணுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. ஏதாவது ஒரு ஊர்ப் பக்கத்தத் தொறந்து படிங்க, ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கும், ஒரு 'ல' 'ள' மாறியிருக்கும், மேல 'தொகு'ன்னு இருக்கும், அத அமுக்கித் திருத்துங்க, என்ன மாத்தினீங்கன்னு கீழ ஒரு வரி எழுதிட்டு சேமிங்க. அவ்வளவுதான். என்னோட மொத இருபது திருத்தமும் எழுத்துப்பிழைதான். கை நடுங்கும் மொதல்ல, ஏன்னா உலகமே பாக்கப்போகுதுன்னு ஒரு நெனப்பு. ஆனா ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு இருக்கு, யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு ஒரு எழுத்து விடாம அதுல நிக்கும், தப்பாப் போனா பழைய நிலைக்குத் திருப்பிடலாம், அது புரிஞ்ச அன்னைக்கே பயம் போயிடுச்சு. அக்கவுண்ட் கண்டிப்பா தொடங்கிக்கோங்க, அது இருந்தாத்தான் கவனிப்புப் பட்டியல் வரும், நாம கை வெச்ச பக்கத்துல வேற யாராவது மாத்தினா தெரியும். எழுதிப் பழக மணல்தொட்டின்னு தனி எடம் இருக்கு, அங்க என்ன வேணா கிறுக்கலாம்.

அங்க இருக்குற வார்த்தைங்க பழக எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. வார்ப்புரு, பகுப்பு, வழிமாற்று (ஒரு பேர்ல தேடினா வேற பேர்ல இருக்குற பக்கத்துக்குக் கொண்டு போறது), குறுங்கட்டுரை (இன்னும் வளர வேண்டிய சின்னக் கட்டுரை) இப்படி. டெம்ப்ளேட், கேட்டகரின்னே பேசிப் பழகினவங்களுக்கு மொதல்ல கொஞ்சம் தடுமாறும், அப்புறம் அதுதான் வாயில வரும். பொதுவாப் பேசுற எடத்துக்கு ஆலமரத்தடின்னு பேர் வெச்சிருக்காங்க, உதவி கேக்குற எடம் ஒத்தாசைப் பக்கம். இந்தப் பேரெல்லாம் வெச்ச ஆளுங்க யாரோ, கையெடுத்துக் கும்பிடணும்னு தோணுச்சு. பேச்சுப் பக்கத்துல எழுதி முடிச்சதும் நாலு அலைக்குறி (~~~~) போடணும், நம்ம கையெழுத்தும் நேரமும் தானா விழுந்துடும்.

சரி, விசயத்துக்கு வர்றேன். எங்க ஊரு அரசலாத்துக் கரைல இருக்கு, கும்பகோணம் பக்கம். காவிரில பிரிஞ்சு காரைக்கால்ல கடல்ல சேர்ற ஆறு. அதப்பத்தி எழுதணும்னு ஆசை. இங்கிலீஷ்ல இருந்ததெல்லாம் எடுத்து ஒரு மொழிபெயர்ப்புக் கருவில போட்டு, வந்தத கொஞ்சம் தட்டிக்கொட்டி மணல்தொட்டில வெச்சுட்டு, பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டேன். ஒரு மூத்த பயனர் வந்து ஒரே ஒரு வார்த்தையக் காட்டினாரு. 'துணையாறு'ன்னு வந்திருக்கே, அரசலாறு காவிரிக்குத் துணையாறா கிளையாறான்னு கேட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. பவானி, நொய்யல், அமராவதி இதெல்லாம் காவிரில வந்து சேருது, அது துணையாறு. அரசலாறு காவிரில இருந்து பிரிஞ்சு போகுது, அது கிளையாறு. ஆத்தங்கரைலயே பொறந்து வளந்தவ நானு, பரீட்சைக்கு வேற இதையே மனப்பாடம் பண்றேன், கருவி குடுத்தத கண்ண மூடிட்டு வெச்சிருக்கேன். அன்னைக்கு மொத்தத்தையும் அழிச்சிட்டு நானே எழுதினேன். மொழிபெயர்ப்புக் கருவிய நம்புறவங்க இத ஞாபகம் வெச்சுக்கோங்க, வாக்கியம் சரியா இருக்கும், விசயம் தலைகீழா இருக்கும்.

அடுத்து ஆதாரம். இங்கதான் நெறைய பேர் மனசு விட்டுப் போயிடறாங்க, ஆனா எனக்கு இதுலதான் உயிரே இருக்குன்னு தோணுது. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுத முடியாது, வேற ஒருத்தர் எடுத்துப் பாத்து ஆமான்னு சொல்ற மாதிரி அச்சுல வந்த ஒண்ணு இருக்கணும். எங்க தாத்தா ஆத்துல வந்த பெருவெள்ளத்தப் பத்தி அவ்வளவு சொல்லுவாரு, தண்ணி எந்தத் திண்ணை வரைக்கும் ஏறுச்சுன்னு கையக் காட்டிச் சொல்லுவாரு. அது எதுவும் உள்ள வராது. மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. எங்க தாத்தா பொய்யா சொல்லுவாரு? அப்புறம் யோசிச்சா, அதே மாதிரி எங்கயோ ஒரு ஊர்ல ஒருத்தர் வந்து அவங்க தாத்தா சொன்னாருன்னு எங்க ஆத்தப் பத்தி வேற என்னவோ எழுதினா நான் எப்படி மறுப்பேன்? அந்த நியாயம் புரிஞ்சுது.

அப்புறம் தேட ஆரம்பிச்சேன் பாருங்க, அது வேற உலகம். கிளை நூலகத்துல இருக்குற அண்ணன்கிட்ட கேட்டேன், "ஆத்தப் பத்தியா? கோயில் புத்தகத்துல பாரும்மா, ஆத்துக்குன்னு யாரு தனியா எழுதினா"ன்னாரு. அவர் சும்மா சொன்னதுதான், ஆனா வழி அதுலதான் இருந்துச்சு. அரிசிற்கரைப்புத்தூர்னு ஒரு பாடல் பெற்ற தலம் இருக்கு, இப்ப அழகாப்புத்தூர்ங்கிறோம், அந்தப் பழைய பேர்லயே ஆறு இருக்கு, அரிசிலாத்தங்கரைல இருக்குற புத்தூர். தேவாரத்துலயே ஆத்தோட பழைய பேரு நிக்குது! அந்தப் பேர நான் எத்தனை தடவ போர்டுல படிச்சிருப்பேன், ஒரு நாளும் ஒடைச்சுப் பாத்ததில்ல. அதுக்கப்புறம் 1906ல ஹெமிங்வேங்கிற வெள்ளைக்கார அதிகாரி எழுதின தஞ்சாவூர் கெஜட்டியர் (மாவட்டத்தப் பத்தின அரசாங்க விவரப் புத்தகம்), தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம், ஊர் மக்கள் தொகைக்கு 2011 சென்ஸஸ்னு ஒண்ணொண்ணாப் புடிச்சேன். ஒரு வரி எழுத ரெண்டு நாள் போச்சு, அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நின்னு பேச முடிஞ்சுது. பரீட்சைக்குப் படிக்கிறதே மாறிடுச்சு எனக்கு, கைடுல எது இருந்தாலும் இது எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கத் தோணுது.

ஒரு தப்பும் பண்ணேன். ஒரு கோயில் தல வரலாற்றுப் புத்தகத்துல இருந்து நாலு பத்திய அப்படியே தட்டச்சு பண்ணிப் போட்டுட்டேன், அடுத்த நாள் பாத்தா இல்ல. நீக்கினவர் காரணமும் எழுதியிருந்தாரு, பதிப்புரிமை. நான்தான் தெரியாமப் பண்ணேன். ஆதாரம் காட்டுறது வேற, அப்படியே எடுத்து வெக்கிறது வேற. நம்ம நாட்டுச் சட்டப்படி ஒருத்தர் எறந்து 60 வருசம் ஆனாத்தான் அவர் எழுதினது பொதுவுக்கு வரும், அதுவரைக்கும் விசயத்தப் படிச்சு நம்ம வார்த்தைல எழுதணும். தேவாரம்னா பிரச்சனையே இல்ல. அப்புறம் 'உலகப்புகழ் பெற்ற', 'மிகவும் அழகான' இந்த மாதிரி வார்த்தையெல்லாம் தூக்கிடுவாங்க, தூக்கினா வருத்தப்படாதீங்க, எடுத்துட்டுப் படிச்சுப் பாத்தா கட்டுரை நல்லாத்தான் இருக்கும்.

படம் போடுறதும் அப்படித்தான், கூகுள்ல கெடைச்சதெல்லாம் ஏத்தக்கூடாது, நாமளே எடுத்தத பொதுவகத்துல (எல்லா மொழி விக்கிக்கும் பொதுவான படக் கிடங்கு, விக்கிமீடியா காமன்ஸ்) ஏத்தணும், ஏத்தினா அத எந்த மொழி விக்கிலயும் யாரும் எடுத்துக்கலாம். பொது எடத்துல நெலையா இருக்குற கட்டடம், சிலை இதுகளப் படம் எடுத்துப் போட நம்ம சட்டத்துல எடம் இருக்கு, சுவத்துல இருக்குற புது ஓவியத்துக்கு அது கெடையாது. மொபைல்லயே எடுத்துப் போட்டேன், நல்லா வந்துச்சு.

எழுத்துக்கூட்டலப் பத்தி ஒண்ணு சொல்லணும். நாம 'ஜப்பான்'னு எழுதுவோம், இலங்கைல 'யப்பான்'னும் எழுதுவாங்க, வெளிநாட்டுப் பேரெல்லாம் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி. மொதல்ல இதெல்லாம் தப்புன்னு நெனச்சுத் திருத்தப் போனேன், நல்ல வேளை பேச்சுப் பக்கத்தப் படிச்சுட்டு நிறுத்தினேன். இந்தத் தளம் 2003ல தொடங்கினப்ப அடித்தளம் போட்டவங்கள்ல முக்கியமானவரு இலங்கைக்காரரான மயூரநாதன், அவருக்குக் கனடாவுல இருக்குற தமிழ் இலக்கியத் தோட்டம் 2015க்கான இயல் விருது குடுத்துச்சு. அப்ப இருந்தே இது ரெண்டு கரைத் தமிழும் சேர்ந்து எழுதுறது. 2017ல ஒரு லட்சம் கட்டுரை தாண்டுச்சு. நம்ம பேச்சுதான் தமிழ்னு நெனச்சுட்டு உள்ள போகக்கூடாது.

யாருக்குச் செட் ஆகும்னா, பொறுமை இருக்குறவங்களுக்கு, தன்னோட வரிய இன்னொருத்தர் மாத்தினா தாங்கிக்கிறவங்களுக்கு. பேரு வரணும், காசு வரணும்னா இது எடம் இல்ல. தெனம் அரை மணி நேரம் போதும், நான் படிப்புக்கு நடுவுல அதுதான் பண்றேன்.

இப்ப அரசலாத்துப் பக்கத்துல நான் சேத்தது மொத்தம் பதினோரு வரி இருக்கும், மூணு படம். காரைக்கால்ல கடல்ல சேர்ற எடத்த இன்னும் படம் எடுக்கல, தை மாசம் போகலாம்னு இருக்கேன். தாத்தா சொன்ன வெள்ளக் கதைய ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுத ஆரம்பிச்சிருக்கேன், அந்தக் காலத்துப் பேப்பர் எங்கயாவது கெடைச்சா தேதி ஒத்துப் பாக்கணும்.