டிஎன்ஏகாப்பி: இலவசம், நல்ல சரக்கு, ஆனால் துண்டு எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடாதீர்கள்

தண்டையார்பேட்டையில் மொட்டை மாடி அறை, பழைய லேப்டாப், மூன்று மாதமாக இதே வேலை. அந்தத் தகுதியில் எழுதுகிறேன். டிஎன்ஏகாப்பி என்பது ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியில் ஓடும் பேக்கேஜ், உயிரியல் டேட்டாவுக்கான மென்பொருள் கிடங்கான பயோகண்டக்டரில் காசில்லாமல் கிடைக்கும். புற்றுக்கட்டியின் குரோமோசோமில் எந்தப் பகுதி கூடுதலாக நகலாகியிருக்கிறது, எது தொலைந்திருக்கிறது என்று அளந்த எண்களைக் கொடுத்தால், எங்கே மட்டம் மாறுகிறதோ அங்கே வெட்டித் துண்டுகளாகத் தரும்.

உள்ளே இருப்பது ஓல்ஷன், வெங்கட்ராமன் குழு 2004-இல் வெளியிட்ட முறை. கும்மிடிப்பூண்டி லோக்கலை நினைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் ஒரு கும்பல் ஏறி எண்ணூரிலேயே இறங்கிவிடுகிறது. பாதையை ஒரே இடத்தில் வெட்டி இரண்டு பக்கச் சராசரியையும் ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது, நடுவில் உள்ள அந்தச் சின்ன மேடு கரைந்துபோகும். இவர்கள் சென்ட்ரலையும் கும்மிடிப்பூண்டியையும் ஒட்டி வட்டமாக்கி, அதில் ஒரு வில் மட்டும் மீதியிலிருந்து வேறுபடுகிறதா என்று கேட்டார்கள். அவ்வளவுதான். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத யோசனை.

வேகம் பரவாயில்லை, 2007-லேயே சரிசெய்துவிட்டார்கள்.

இப்போது குறை. வேறுபாடு நிஜமா தற்செயலா என்று பார்க்க, எண்களை 10,000 முறை கலைத்துப்போட்டு ஒப்பிடுகிறது, தற்செயலாக வரும் வாய்ப்பு 0.01 என்ற வரம்புக்குக் கீழே இருந்தால்தான் வெட்டும். கலைத்தால் பக்கத்துப் பக்கத்து எண்களுக்குள் இருக்கும் ஒட்டுறவு போய்விடும், ஆனால் நிஜ அளவுகளில் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஜி, சி இரண்டின் விகிதத்தைப் பொறுத்து மெல்லிய அலை ஓடிக்கொண்டே இருக்கும், அந்த அலையின் ஏற்ற இறக்கத்தையும் வெட்டு என்று எடுத்துக்கொள்ளும். நான் முதல் மாதம் அந்தத் துண்டுகளையெல்லாம் கண்டுபிடிப்பு என்று நினைத்துப் படம் போட்டுக் காட்டினேன், கேட்காதீர்கள். நெருக்கமான மட்டங்களைத் திரும்ப ஒட்டும் வசதி இருக்கிறது, ஆனால் நாமாகச் சொன்னால்தான் வேலை செய்யும்.

இறக்கியதும், சொந்த டேட்டாவை நம்பிக் கொடுப்பதற்கு முன் ஒன்று: நோயில்லாத மாதிரியின் நிஜ அளவுகளை எடுத்து, கலைக்காமல், அங்கங்கே நீங்களே மேடு பள்ளம் வையுங்கள். வைத்ததில் எத்தனை பிடித்தது, வைக்காதது எத்தனை முளைத்தது என்று இரண்டையும் எண்ணுங்கள். ஓரிரு புள்ளி தள்ளி வெட்டினால் மன்னித்துவிடலாம். அப்புறம் ரேண்டம் சீடை, அதாவது கலைப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண்ணை, மறக்காமல் எழுதி வையுங்கள், இல்லையென்றால் வரம்பை ஒட்டிய வெட்டுகள் அடுத்த ஓட்டத்தில் காணாமல் போகும்.

5-க்கு 4. பழகிப் பார்க்க கோரியல் டேட்டா (செல் மாதிரிகளில் அளந்த எண்கள்) கூடவே வருகிறது.