நெட்வொர்க்கிங், புரோகிராமிங், ஆப்பரேட்டிங் சிஸ்டம்: கல்லூரியில் எந்தப் பக்கம் சாய்வது?

மலேசியாவில் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்ற பள்ளித் தேர்வுகளை முடித்து ஐடி படிக்கலாம் என்று முடிவெடுத்த பிள்ளைகள் அடுத்துக் கேட்பது இதைத்தான்: "அண்ணே, நெட்வொர்க்கிங் எடுக்கவா, புரோகிராமிங் எடுக்கவா?" ஆப்பரேட்டிங் சிஸ்டம் எடுக்கவா என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் எடுத்தது அதைத்தான், ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும். படித்தது பினாங்கில், வேலை பாயான் லெப்பாஸில், லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் ஒரு தொழிற்சாலையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது.

டிப்ளோமாவோ டிகிரியோ, மூன்று பாடமும் எப்படியும் வரும். படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் எம்கியூஏ அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது, அது இல்லையென்றால் பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் கிடைக்காது என்பது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. தேர்வு எங்கே வருகிறது என்றால், விருப்பப் பாடங்கள், இறுதியாண்டு புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் மூன்றையும் எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதில்.

நெட்வொர்க்கிங்கின் பெரிய பலம், வேலை சீக்கிரம் கிடைப்பது. சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் டேட்டா சென்டர்கள் எழுந்துகொண்டே இருக்கின்றன, இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் கேபிள் இழுக்க, சுவிட்ச் மாற்ற, ராத்திரி ஷிப்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும். வீட்டிலேயே பழகவும் வசதி உண்டு. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருள் இலவசம், ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கையும் விலேனையும் சாதாரண மடிக்கணினியிலேயே போட்டுப் பார்க்கலாம். வீட்டில் வருமானம் உடனே வேண்டும் என்றால் நானே இதைத்தான் சொல்வேன்.

புரோகிராமிங்கைப் பற்றி அடக்கமாகத்தான் பேச முடியும், அதை நான் முழுநேரத் தொழிலாகச் செய்ததில்லை. எழுதுவதெல்லாம் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள். கூடப் படித்தவர்களில் நல்ல சம்பளத்துக்குப் போனவர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம், அதையும் மறைக்க வேண்டியதில்லை. இப்போது ஏஐ வந்து கோட் எழுதிக் கொடுக்கும்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை, அந்தத் துறையில் இருக்கிற ஒருவரிடம் கேட்பது நல்லது.

சரி, என் கணக்கை முடித்துவைத்த விஷயத்துக்கு வருகிறேன். பராமரிப்பு. கார் வாங்கும்போது மாதத் தவணையை மட்டும் பார்த்துவிட்டு சர்வீஸ் செலவை மறந்துவிடுவோமே, படிப்பிலும் அதேதான் நடக்கிறது. படித்ததைப் பத்து வருடம் கழித்தும் செல்லுபடியாக வைத்திருக்க எவ்வளவு செலவாகும், எத்தனை ராத்திரி போகும் என்று சேரும்போது யாரும் கேட்பதில்லை.

நெட்வொர்க்கிங் டிப்ளோமாக்கள் பல, சிஸ்கோவின் சிசிஎன்ஏ என்ற சான்றிதழ்த் தேர்வை நோக்கியே நடத்தப்படுகின்றன. தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர், ரிங்கிட்டில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். சான்றிதழ் 3 வருடத்துக்குத்தான் செல்லும். அப்புறம் மறுபடி ஒரு தேர்வு எழுத வேண்டும், இல்லையென்றால் தொடர்கல்விப் புள்ளிகள் 30 சேர்க்க வேண்டும். நியாயமாகச் சொன்னால் பாடம் பழசாவதில்லை. இணையத்தில் தரவு தவறாமல் போய்ச் சேர வைக்கும் டிசிபி என்ற விதிமுறையின் விவரக்குறிப்பு 1981இல் வந்தது, 2022இல் அதைத் திருத்தி எழுதியபோதும் அடிப்படை அப்படியேதான் இருந்தது. பழசாவது சான்றிதழும், ஒரே கம்பெனியின் கமாண்டுகளை மனப்பாடம் செய்யும் படிப்பும்தான். புரோகிராமிங்கிலும் இதே கதை: தரவை அடுக்கி வைக்கும் முறைகளான டேட்டா ஸ்ட்ரக்சர் அசையாது, மேலே இருப்பது மாறிக்கொண்டே இருக்கும். பைதான் மொழியின் 2ஆம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவு நின்றது, அதில் எழுதி வைத்திருந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்து மாற்ற வேண்டியதாயிற்று.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் வருவது என்ன? பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்), மெமரி, ஃபைல் சிஸ்டம், லாக் (பூட்டு). கேட்கவே தூக்கம் வரும். ஆனால் வேலையில் நடப்பதைப் பாருங்கள். ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அலாரம். நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் பெரிய லாக் ஃபைல் ஒன்றை யாரோ அழிக்கிறார்கள், அப்படியும் இடம் திரும்பவில்லை. டிஸ்கில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்ட் நிரம்பியிருக்கிறது என்கிறது, ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ கமாண்டில் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. காரணம், லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஃபைலை அழிக்கும்போது போவது அதன் பெயர் மட்டும். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும் வரைக்கும் டிஸ்கில் இருக்கிற தரவு அங்கேயேதான் கிடக்கும். அந்தப் புரோகிராமை நிறுத்தித் தொடங்கினால் இடம் தானாகக் கிடைத்துவிடும். பெயருக்குப் பின்னால் ஃபைலின் விவரத்தை வைத்திருக்கும் ஐனோட் என்றால் என்ன என்று ஒழுங்காகப் படித்தவனுக்கு இது ஐந்து நிமிட வேலை, படிக்காதவர் புது டிஸ்க் கேட்டு மெமோ எழுதுவார்.

ஒரு புரோகிராமை மற்றவற்றிலிருந்து தனியாகப் பிரித்து ஓட்டும் கன்டெய்னர் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். அதைப் பிரபலமாக்கிய டாக்கர் 2013இல் வந்தது, உண்மைதான். ஆனால் அதன் அடியில் இருக்கும், பிராசஸ்களைப் பிரித்து வைக்கும் நேம்ஸ்பேசும் அவற்றுக்கு வரம்பு போடும் சிகுரூப்பும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதற்கு முன்பே இருந்தவை. கன்டெய்னர் ஒன்று 137 என்ற எண்ணோடு செத்துக் கிடந்தால், 128ஐக் கழித்துப் பாருங்கள், மிச்சம் 9, அதாவது பிராசஸை உடனே நிறுத்தச் சொல்லும் கில் சிக்னல். பெரும்பாலும் மெமரி வரம்பைத் தாண்டியதால் கெர்னலே போட்டுத் தள்ளியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க டாக்கர் வகுப்பு தேவைப்படவில்லை, சிக்னல் பாடம் போதுமாக இருந்தது.

சென்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸின் 8ஆம் பதிப்பை 2021 கடைசியோடு நிறுத்துகிறோம் என்று 2020 டிசம்பரில் அறிவித்தபோது அதை நம்பியிருந்த நிறைய இடங்களில் பதற்றம். அதே மாதிரியான லினக்ஸ்களான ராக்கிக்கோ அல்மாவுக்கோ மாறியவர்களுக்குப் புதிதாகப் படிக்க அநேகமாக ஒன்றும் இல்லை. வேறு வகை லினக்ஸான உபுண்டு பக்கம் போனவர்களுக்குச் சில கமாண்டுகள் மாறின, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம்: லினக்ஸ் சான்றிதழும் காலாவதியாகிறதே? ஆமாம், ரெட் ஹேட் கம்பெனியின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் சான்றிதழும் 3 வருடம்தான். ஆனால் சான்றிதழ்களை வேலைக்குப் போன பிறகு முதலாளி செலவில் பார்த்துக்கொள்ளலாம். நம் நாட்டில் உள்ளூர்த் தொழிலாளர் 10 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனிகள் பலவும் தொழிலாளர் பயிற்சிக்கான எச்ஆர்டி கார்ப் அமைப்புக்கு லெவி கட்டுகின்றன, அந்தப் பணத்தில் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து, மெமரி எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பேஜ் டேபிள் போன்றவற்றைப் படித்துவிட்டு வருகிறேன் என்று எந்த மேனேஜரிடமும் கேட்க முடியாது. அதற்கான நேரம் கல்லூரியில் மட்டும்தான் கிடைக்கிறது.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பக்கம் குறைகளும் உண்டு. அந்தப் பெயரில் தனி டிப்ளோமா பார்ப்பது அரிது, நாமாகப் பாடங்களைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். வேலை விளம்பரத்தில் "சிஸ்டம் அட்மின்", "கிளவுட்", "டெவ்ஆப்ஸ்" என்று வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும். முதல் வேலைக்கு நெட்வொர்க்கிங் நண்பர்களைவிட நான் அதிக நாள் காத்திருந்தேன், அம்மாவுக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம்.

சேருவதற்கு முன்னால் பொதுமக்கள் வந்து பார்க்கும் திறப்பு நாளன்று (ஓபன் டே) கல்லூரிக்குப் போனால் ஏசி எப்படி, கேன்டீன் எப்படி என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் விரிவுரையாளரிடம் நேராகக் கேளுங்கள்: ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்கு லேப் உண்டா, சி மொழியில் எழுத வைப்பீர்களா, எம்ஐடி பல்கலைக்கழகம் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 மாதிரி சின்ன கெர்னல் ஒன்றைப் பிரித்துப் பார்க்க விடுவீர்களா? ஸ்லைடும், விடையைத் தேர்ந்தெடுக்கும் புறவயக் கேள்வித்தாளும் மட்டும்தான் என்றால், அந்தக் கல்லூரியில் பேசாமல் நெட்வொர்க்கிங்கே எடுத்துவிடலாம். அதற்காவது அங்கே நிஜ சுவிட்ச் இருக்கும்.