மொட்டைமாடி ஒழுகலுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க வருகிறவர்களிடம் உஷார்

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வீட்டு கேட்டில் ஒரு நோட்டீஸைச் செருகிவிட்டுப் போவார்கள். ‘தளம் உடைக்காமல், தூசி இல்லாமல், இரண்டே நாளில் ஒழுகலுக்கு நிரந்தரத் தீர்வு, 10 வருட கேரண்டி’ என்று இருக்கும். அதை நம்பி என் அம்மா 58,500 ரூபாய் கொடுத்தார். அதே மழைக்காலத்தில் வீடு முன்பைவிட மோசமாக ஒழுகியது. அந்த ஆட்கள் இன்னும் தெருத்தெருவாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பென்ஷன் பணத்தில் காலம் தள்ளும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளாகப் பார்த்துத்தான் கதவைத் தட்டுகிறார்கள். அதனால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் வீடு 1997-இல் கட்டியது. ஒற்றை மாடி, மேலே 900 சதுர அடி. கான்கிரீட் மேல் அந்தக் காலத்து முறைப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துக் கட்டையால் அடித்துப் போட்ட தளம். அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு. இந்தத் தளத்துக்கு வேலை இரண்டு: வெயிலைக் கீழே விடாமல் தடுப்பது, வாட்டம் (சரிவு) கொடுத்துத் தண்ணீரைக் குழாய் வாய்க்கு ஓட்டுவது. தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பது பாயிண்டிங், அதாவது ஓடுகளுக்கு நடுவே இடுக்கை அடைக்கும் கலவை. வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து மழையில் நனைந்தால் அது பெயர்ந்துவிடும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை விலகிவிடும். 25 வருஷத்துக்கு மேலான வீடு ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான். அம்மா வீட்டில் ஹாலில் ஃபேன் மாட்டியிருந்த இடத்திலும் அடுப்படி மூலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

நோட்டீஸ் நம்பருக்கு அம்மா போன் செய்ததும் மறுநாளே இரண்டு பேர் வந்தார்கள். கம்பெனி பெயர் போட்ட டீ-சர்ட், கையில் டேப், ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று. அடுப்படிச் சுவரில் அதன் ஊசியைக் குத்தினார்கள், சிவப்பு விளக்கு எரிந்தது. “பாத்தீங்களாம்மா, மொத்தமும் தண்ணி ஏறிடுச்சு. இப்படியே விட்டா அடுத்த வருஷம் சீலிங் தலைமேல வந்துடும்” என்று அம்மாவைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். மீட்டர் சொன்னது சுவரில் ஈரம் இருக்கிறது என்பதை மட்டும்தான். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மாடிக்குப் போய்க் குனிந்து ஓடுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். அவர்கள் மாடியில் நின்று நீள அகலம் அளந்ததோடு சரி.

அடுத்து விலை. பழைய தளத்தை உடைத்துப் புதுசாகப் போட்டால் 2 லட்சத்துக்கு மேல் ஆகும் என்று முதலில் ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டு, “உங்களுக்காக சதுர அடி 65 ரூபாய்க்கு முடிச்சுத் தரோம்மா” என்றார்கள். ஓட்டின் மேலேயே வெள்ளை வாட்டர்ப்ரூஃப் பூச்சு மூன்று கோட், முழுக்க ஃபைபர் வலை, காய்ந்தபின் 1 மில்லிமீட்டர் கனம். இதெல்லாம் எஸ்டிமேட் தாளில் அவர்கள் கைப்பட எழுதியது. பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி வேலை முடிந்த அன்று மாலையே. பில் கேட்டதற்கு, “பில் போட்டா 18 பர்சென்ட் கூட வரும்மா, உங்களுக்குத்தான் நஷ்டம்” என்று பதில். பில் இல்லாத இந்த ‘சலுகை’ யாருக்கு லாபம் என்பது பின்னால் கேரண்டி கேட்டுப் போனபோது புரிந்தது. வேலை செய்ததற்கான ரசீது உங்களிடம் ஒன்றுமே இல்லையே என்று போனிலேயே சொன்னார்கள்.

வேலை நடந்தது அக்டோபரில். முந்தின நாள் மழை பெய்து ஓடெல்லாம் ஊறிக் கிடந்தது. கம்பி பிரஷ் போட்டுப் பாசியைச் சுரண்டவில்லை, பெயர்ந்த பாயிண்டிங்கைக் கொத்தி எடுத்து நிரப்பவில்லை, உடைந்த ஓட்டை மாற்றவில்லை. விளக்குமாறால் பெருக்கிவிட்டு ரோலரை எடுத்துவிட்டார்கள். வாளிகள் மூடி திறந்தே வந்தன என்று எதிர்வீட்டு அண்ணன் பிறகு சொன்னார். மூடியைச் சுற்றியிருக்கும் சீல் பட்டை எதிலும் இல்லையாம். ஃபைபர் வலை குழாய் வாயைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும். மூலைகளில் கிடையாது.

காலி வாளிகளை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். 20 லிட்டர் வாளி இரண்டு. இந்தக் கணக்கை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 900 சதுர அடி என்பது ஏறக்குறைய 84 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச 1 லிட்டர் வேண்டும். அப்படியானால் ஈரப் பூச்சே 1 மில்லிமீட்டர் வர 84 லிட்டர் தேவை. இந்த வகைப் பூச்சில் கணிசமான பங்கு தண்ணீர், அது காய்ந்து போய்விடும். காய்ந்தபின் 1 மில்லிமீட்டர் நிற்க வேண்டும் என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வேண்டும். எங்கள் மாடியில் செலவானது 40 லிட்டர், அதிலும் தண்ணீர் கலந்தது. மூன்று கோட்டும் சேர்ந்து கால் மில்லிமீட்டர் தேறியிருந்தாலே அதிகம். நகத்தால் கீறினால் சிவப்பு ஓடு தெரிந்தது. வெள்ளையாக இருந்ததால் பார்க்கப் பளிச்சென்று இருந்தது, வெயில் சூடும் கொஞ்சம் குறைந்தது, அம்மாவும் திருப்தியாக மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்த மழையில் ஒழுகாத வீடு குறைவு, அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் மழை விட்டு வெயில் அடித்த பிறகும் வீடு சொட்டிக்கொண்டே இருந்தது. மாடியில் பூச்சு தட்டு அகலத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தைப் பிளேடால் கீறினேன், உள்ளேயிருந்து மண் நிறத்தில் தண்ணீர் வழிந்தது.

காரணம் இதுதான். ஓட்டுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்பு ஜல்லித் தளம் பஞ்சு மாதிரி, தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் அந்த ஈரம் மேல்வழியாகக் காய்ந்து வெளியேறும். ஈரத்தோடு இருக்கும்போதே மேலே மூடிவிட்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. விலகிய மூலைகள் வழியாகப் புதுத் தண்ணீர் உள்ளே போனபடி இருக்க, வெளியே வர இருந்த ஒரே பாதை கீழே கான்கிரீட். அங்கே கம்பி துருப்பிடித்துப் பருத்து, அடுப்படியில் சீலிங் காரை ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அம்மா அப்போது கொல்லைப்புறத்தில் இருந்தார். ஹாலில் சொட்டியது கான்கிரீட்டுக்குள் பதித்த கரண்ட் பைப் வழியாக ஃபேன் பெட்டிக்குள் இறங்கிய தண்ணீர். உங்கள் வீட்டில் ஃபேன் பக்கமோ லைட் பக்கமோ சொட்டினால், மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த லைனை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டோம். முதலில், “புயல் மழைங்க, யார் வீடு ஒழுகல?” அடுத்த முறை, “உங்க வீட்ல ஸ்ட்ரக்சுரல் கிராக் இருக்கு, அது கேரண்டில வராது.” கேரண்டி அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் கட்டட விரிசல், தண்ணீர் தேங்குதல், இயற்கைச் சீற்றம், பராமரிப்புக் குறைவு நான்குக்கும் பொறுப்பில்லை என்று போட்டிருந்தது. ஒரு மாடி ஒழுகுவதற்கு இந்த நான்கையும் விட்டால் வேறு காரணம் ஏது? பிறகு ஒருநாள் ஆளை அனுப்பி, சீலிங்கில் ஓட்டை போட்டு ரசாயனம் ஏற்றினால் நின்றுவிடும், ஓட்டைக்கு இவ்வளவு ரூபாய் என்று புது எஸ்டிமேட் நீட்டினார்கள். குறிப்பிட்ட ஒரு விரிசலை அடைக்க அது உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேலே தளம் முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும்போது கீழே ஒரு இடத்தை அடைத்தால் அது பக்கத்தில் இன்னொரு இடம் பார்த்துக்கொள்ளும். துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவே கண்டபடி துளை போடுவது வேறு ஆபத்து. அன்று நான் வீட்டில் இருந்தேன், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

தை மாசம் எங்கள் ஊர் மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்தோம். இந்த மாதிரித் தளம் போட்டே பழகியவர். வந்ததும் சுத்தியலின் கட்டைப் பக்கத்தால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே போனார். ஒட்டியிருக்கும் ஓட்டில் கெட்டியான சத்தம், தூக்கிக்கொண்ட ஓட்டில் ‘டொக் டொக்’ என்று காலியான சத்தம். காலியானதற்கெல்லாம் சாக்பீஸால் குறி போட்டார். ஒன்றை உடைத்து அடி ஜல்லியைக் கையில் எடுத்துப் பிழிந்து காட்டினார், தண்ணீர் சொட்டியது. மழை விட்டு ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாதிக்கப்பட்டது மொத்த மாடியில் மூன்றில் ஒரு பங்குதான். மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரம் முழுக்க மூலை விலகியிருந்தது. குழாய் வாய்க்குப் பக்கத்தில் வாட்டம் உட்கார்ந்து தண்ணீர் நின்றது. பழைய டிஷ் ஆன்டெனாவுக்கு அடித்த போல்ட்டுகள் ஓட்டைத் துளைத்துக் கான்கிரீட் வரை போயிருந்தன. ஹால் ஒழுகலுக்கு அந்த நாலு துளைதான் காரணம்.

அந்தப் பகுதியில் மட்டும் ஓட்டையும் ஜல்லியையும் எடுத்துவிட்டு, கான்கிரீட்டை மாசி பங்குனி வெயிலில் நன்றாகக் காயவிட்டோம். விரிசலையும் துளைகளையும் அடைத்து, சுவர் மூலையில் சிமெண்டு கலவையை வட்டமாக வளைத்துப் பூசி, வாட்டம் சரிசெய்து ஜல்லி போட்டு ஓடு பதித்தோம். மற்ற இடங்களில் வெள்ளைப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாயிண்டிங் மட்டும் புதுசு. அடுப்படி சீலிங்கில் கம்பியின் துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்புப் பூசிக் காரை வைத்தார்கள். கூலி, சாமான் எல்லாம் சேர்த்தும் அந்தக் கம்பெனி வாங்கியதைவிடக் குறைவாகவே முடிந்தது. பூச்சைச் சுரண்டுவதற்குத்தான் கூலி வீணாகப் போனது. பிறகு குழாய் வாயை மணல் பையால் அடைத்து, இரண்டு விரல்கடை தண்ணீர் கட்டி, ஒரு பகல் ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தோம். கீழே சொட்டவில்லை. மேஸ்திரிக்குக் கடைசிப் பணம் அதற்கப்புறம்தான், அவரே அப்படித்தான் கேட்டார். (சீலிங்கில் கம்பி வெளியே தெரிகிற அளவு பழுதான வீட்டில், இன்ஜினியரைக் கேட்காமல் தண்ணீர் கட்டாதீர்கள்.)

பூச்சே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காய்ந்த, சுத்தமான, விரிசல் அடைத்த தளத்தில், நிறுவனம் வாளியில் அச்சிட்ட அளவுக்குக் குறையாமல் பூசினால் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் பூச வருகிறவர் முதலில் ஓட்டைத் தட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். எத்தனை லிட்டர் செலவாகும் என்று எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். வாளியின் சீலை உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். ஐப்பசி மழைக்கு முந்தின வாரம் அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் தார்ப்பாய் போட்டு அந்த மழையைக் கடத்திவிட்டு மாசிக்கு மேல் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே 2 அங்குலத்துக்குச் சிமெண்டு கலவை போட்டுவிடலாம் என்று வேறொருவர் எங்களிடம் சொன்னார். 900 சதுர அடிக்கு அது ஏறக்குறைய 9 டன் கூடுதல் பாரம். கம்பி துருப்பிடித்த பழைய கான்கிரீட் மேல் அதை ஏற்ற எந்த இன்ஜினியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். செலவு குறைவு என்று சொல்லி இதைப் பல வீடுகளில் செய்கிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

பணத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பில் இல்லாவிட்டாலும் அம்மா அட்வான்ஸை ஜிபேயில் அனுப்பியிருந்தார். அந்தப் பதிவு, கைப்பட எழுதிய எஸ்டிமேட், கேரண்டி அட்டை, வாளி, கொப்புளம் எல்லாவற்றின் போட்டோ இவற்றோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். பதில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம், அதற்கும் அவர்கள் அசையவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எஸ்டிமேட் தாளையும் பணம் அனுப்பிய பதிவையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். மனு எழுத உதவி வேண்டுமானால் கேளுங்கள், நாங்கள் போட்டதன் நகலைத் தருகிறேன்.