இளநீர் குடித்த மடிக்கணினியும் காந்திபுரத்து மாடிக்கடையும்

கோவை காந்திபுரத்தில், நூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முதல் மாடியில், 'லேப்டாப் சர்வீஸ்' என்று மட்டும் எழுதிய பலகையோடு ஒரு சிறிய கடை இருக்கிறது. மடிக்கணினியை நம்பிப் பிழைப்பவர்கள் இந்தக் கடையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நூல் வரவு, நிட்டிங், சாயம், தையல் கூலி ஆகியவற்றைக் கணக்கிடும் மென்பொருளைச் சரவணம்பட்டியில் என் வீட்டிலிருந்தபடியே எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து சித்தப்பா ஒரு குலை இளநீர் கொண்டுவந்தார். செம்பில் ஊற்றி மேசைமேல் வைத்திருந்தேன். சார்ஜர் வயரில் கைபட்டதும் செம்பு சாய்ந்து, பாதி இளநீர் விசைப்பலகைக்குள் இறங்கியது, திரை அணைந்துவிட்டது. "அரிசிக்குள்ள வெச்சா ஈரத்தையெல்லாம் இழுத்துக்கும் கண்ணு" என்று அம்மா சொல்ல, இரவு முழுவதும் அரிசி டப்பாவில் வைத்தோம். காலையில் பார்த்தால், விசைகளின் இடுக்கில் எறும்புகள் சாரிசாரியாகப் போய்வந்துகொண்டிருந்தன. அதற்குள் மூன்று நாள் வேலை இருந்தது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் கமிட் செய்திருந்தேன், அதாவது என் கணினியிலேயே பதிந்திருந்தேன், ஆனால் புஷ் செய்து சர்வருக்கு அனுப்பவில்லை. ஆகவே சர்வரில் அதற்குப் பிரதி கிடையாது.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க, கொட்டுனதுக்கப்புறம் ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" இருமுறை பார்த்ததாகச் சொன்னேன். கடிந்துகொள்ளாமல் பின்மூடியைக் கழற்றி, வேறெதையும் தொடுவதற்கு முன் பேட்டரியின் இணைப்பைப் பிரித்தார். "பேட்டரியத்தானுங்க மொதல்ல கழட்டோணும்" என்றவர் காரணத்தையும் விளக்கினார். கணினியை அணைத்திருந்தாலும் பேட்டரியிலிருந்து போர்டின் சில பகுதிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். இளநீரில் பொட்டாசியம் முதலிய உப்புகள் இருப்பதால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பும் சர்க்கரையும் போர்டிலேயே தங்கி, ஈரப்பதமும் மின்சாரமும் சேரும்போது அதிலுள்ள செம்பு உலோகத்தை அரித்துப் பச்சை பூக்கச் செய்யும். அரிசியால் அந்த உப்பை எடுக்க முடியாது. நுண்ணோக்கி வழியாகத் திரையில் காட்டினார்: சார்ஜிங் பகுதியில் எள்ளைவிடச் சிறிய ஒரு கெப்பாசிட்டரை (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்) சுற்றிப் பச்சைப் படலம், அதன் பக்கத்தில் பாகில் ஒட்டிய ஓர் எறும்பு. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்த கதையை அவரிடம் சொன்னேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து அவர் செய்ததுதான். "மிசினப் பொறவு பாத்துக்கலாமுங்க, மொதல்ல டேட்டாவ எடுத்துக்கலாம்" என்று, 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட எம்.2 எஸ்.எஸ்.டி.யை, அதாவது கோப்புகள் சேமிக்கப்படும் பாகத்தை, கழற்றி வெளியிலிருந்து இணைப்பதற்கான ஓர் உறையில் பொருத்தித் தம் கணினியில் இணைத்தார். அது விண்டோஸின் மறையாக்கப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கேட்டது: 48 இலக்கங்கள், ஆறாறாக எட்டுக் கட்டுகள். கைப்பேசியில் என் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அதைத் தேடி எடுத்தேன். அவர் விசைப்பலகையை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நானே தட்டினேன், நானே என் ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டேன். கிட் தன் பதிவுகளை வைக்கும் மறைவான கோப்புறை முழுதாக இருந்தது. ஒரு கமிட்கூடக் குறையவில்லை. வாடிக்கையாளரின் கோப்புகளைப் பார்க்காமல் விலகி நிற்கும் இந்தப் பண்பு, எனக்குப் பழுதுநீக்கும் திறமையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பிறருடைய சம்பளக் கணக்கும் கூலிக் கணக்கும் என் கணினியில் கிடக்கின்றன.

போர்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மெல்லிய தூரிகை கொண்டு கழுவி, ஒலியலைகளால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் இட்டு உலர்த்தி, அந்தக் கெப்பாசிட்டரையும் விசைப்பலகையையும் மாற்றினார்கள். நான்கு நாளாயிற்று, மொத்தம் 4,600 ரூபாய். கழற்றிய பழைய விசைப்பலகையை ஓர் உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. மதிப்பீட்டை வாயால்தான் சொல்கிறார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்ட பிறகே ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார்கள். இத்தனை கவனமாக வேலை செய்பவர்கள் இதைத் தாமாகவே செய்ய வேண்டும். புதிய விசைப்பலகை அசல் தயாரிப்பு அன்று. எண்டர் விசை சற்று இறுக்கமாக இருக்கிறது. மாடிப்படி செங்குத்தானது, வயதானவர்கள் ஏறச் சிரமப்படுவார்கள். வண்டி நிறுத்தவும் இடமில்லை. கிராஸ்கட் ரோட்டுக் கூட்டம் பெருகும் சனிக்கிழமை மாலையில் போகாதீர்கள்.

போகிறவர்கள் சார்ஜரையும், பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் சாவியையும் கையோடு கொண்டுபோங்கள். அந்த 48 இலக்கங்கள் இல்லாவிட்டால் எஸ்.எஸ்.டி. நன்றாக இருந்தாலும் அவரால் உள்ளே இருப்பதை எடுத்துத்தர முடியாது.