‘படகில் மிதந்து மலையில் நடந்து’ விளம்பரம்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

கொஞ்ச நாளாகப் பினாங்கு, கெடா புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு வண்ண விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சை மலை, அடிவாரத்தில் ஒல்லியான நீளப் படகு, கூரைமேல் பூந்தொட்டி. “வேல்ஸ் கால்வாய்ப் பயணம், ஏழு இரவு, கேப்டன், மலை வழிகாட்டி, மூன்று வேளையும் இந்திய உணவு” என்று போட்டிருக்கிறது. கம்பெனிப் பெயர் புதிது. ஆனால் படமும் பயணத் திட்டமும், ‘மளை’ என்ற எழுத்துப்பிழை உட்பட, 2025-இல் நாங்கள் ஆறு பேர் பணம் கட்டிப் போன அதே சரக்கு. கீழே உள்ள கைப்பேசி எண்ணும் மாறவில்லை. வக்கீல் கடிதம் வேண்டாம் என்பதால் பெயரைப் போடவில்லை. திட்டத்தைப் பார்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன் கேட் வழியாகப் பினாங்குக் கொடிமலை ஏறுகிற கூட்டம். பாதி வழியில் எண்பத்து நான்காம் நிலையில் தேத்தண்ணீர், கால் ஒத்துழைத்தால் உச்சி, இல்லையென்றால் இறங்கிப் பசியாறப் போய்விடுவது. ஆறு பேரில் நாலு பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. பகலெல்லாம் ஆடி அசைந்து போகும் படகு, தோன்றின இடத்தில் கட்டிவிட்டு மலை நடை, ராத்திரி அதே படகில் தூக்கம் என்றதும் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. இப்போதும் சொல்கிறேன், அந்த யோசனையில் ஒரு குறையும் இல்லை. அதை எங்களுக்கு விற்ற ஆள்தான் குறை.

ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் அலுவலகம். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட உரிமம். “அண்ணே, கேப்டன் இருப்பாரு, கைடு இருப்பாரு, நீங்க காலை நீட்டி உட்கார்ந்தா போதும்” என்றார் அந்தத் தம்பி. ஆளுக்கு 11,800 வெள்ளி (ரிங்கிட்), விமானச் சீட்டு தனி. அதற்கு மேல் ‘விசா ஏற்பாடு’ என்று ஆளுக்கு 950 வெள்ளி.

அந்த விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் பிரிட்டனுக்குச் சுற்றுலா போக விசா எடுக்க வேண்டியதில்லை, ஆறு மாதம் வரை தங்கலாம். 2025 ஜனவரி 8 முதல் ஈ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி மட்டும் வேண்டும். கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி, கடப்பிதழைப் படம் எடுத்து, முகத்தைக் காட்டினால் வேலை முடிந்தது. நாங்கள் போன சமயத்தில் அதற்குக் கட்டணம் 16 பவுண்டு, அதாவது நூறு வெள்ளிக்கும் கீழே. எங்களோடு வந்த அத்தான் இதைக் கேட்டதற்கு, “அது புது ரூல்ணே, எம்பசி ஃபீஸும் சேர்த்து” என்று பதில் வந்தது.

இப்போது பயணத் திட்டத்துக்கு வருகிறேன். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாம் நாள் வட வேல்ஸில் கால்வாய்க் கரையில் உள்ள லங்கோலன். மூன்றாம் நாள் படகிலிருந்து ‘45 நிமிட நடையில்’ ஸ்னோடன் மலை. நான்காம் நாள் படகிலேயே தென் வேல்ஸ் ஊரான பிரெகன், அங்கே பென் இ ஃபான் மலை. ஐந்தாம் நாள் திரும்பவும் லங்கோலன். படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு 4 மைல், அதாவது ஆறரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. கரையோரம் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே சமைத்துக்கொண்டிருப்பவர் தலையை நீட்டித் திட்டுவார். அங்கே படகோட்டுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எத்தனை மைல், எத்தனை லாக், இரண்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவது. அந்தக் கணக்குப்படி நாள் முழுக்க, எட்டு மணி நேரம் ஓட்டினாலும் லாக்கே இல்லாத வழியில் 24 மைல்தான் வரும். லங்கோலனிலிருந்து பிரெகன் நேர்கோட்டிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கிறது.

தூரத்தைக் கூட விடுங்கள், வழியே கிடையாது. பிரெகன் போகும் மன்மத்ஷயர் பிரெகன் கால்வாய், மற்றக் கால்வாய்களோடு சேராமல் தனியாகக் கிடக்கிறது. படகு போகக்கூடிய 35 மைலும் அதற்குள்ளேயே. லங்கோலனில் கிளம்பிய படகு அங்கே போக வேண்டுமானால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 1,085 மீட்டர் ஸ்னோடனோ, லங்கோலனிலிருந்து சாலை வழியாகவே அறுபது கிலோமீட்டருக்கு மேல். இந்தத் திட்டத்தை எழுதியவர் கால்வாயையும் பார்த்ததில்லை, வரைபடத்தையும் பார்த்ததில்லை. நல்ல படங்களை ஒன்றுசேர்த்து நாள் எண் போட்டிருக்கிறார்.

மே கடைசித் திங்கட்கிழமை கோபோவன் ரயில் நிலையத்தில் இறங்கினோம். ‘வழிகாட்டியின் எண்’ என்று கொடுத்திருந்த எண்ணை அழைத்தால் ஒரு டாக்சிக்காரர் எடுத்தார். நல்ல மனிதர். நிலையத்திலிருந்து படகுத்துறை வரை கொண்டுவிடச் சொல்லித்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மலையேறுவதைப் பற்றிக் கேட்டதும் தன் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

படகுத்துறை மேசையில் இருந்த அம்மா கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். திங்கள் மதியம் முதல் வெள்ளி காலை வரை, நாலு இரவு. ஏழு இல்லை, நாலு. அங்கே படகை வாரத்துக்கும் விடுவார்கள், வார நடுவில் நாலு இரவுக்கும் விடுவார்கள், வாரக் கடைசியில் மூன்று இரவுக்கும் விடுவார்கள். எங்கள் ஆள் நடுவில் உள்ளதை எடுத்துவிட்டு எங்களிடம் முழு வாரத்துக்கு வாங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வேறு ஒரு குடும்பம் எடுத்திருந்ததால் நீட்டிக்கவும் முடியாது. படகு ‘4 + 2’ வகை. அதாவது நாலு பேருக்குத்தான் ஒழுங்கான படுக்கை. மீதி இரண்டு பேருக்கு, ராத்திரி சாப்பாட்டு மேசையைக் கழற்றிப் பலகையை இறக்கி, மேலே மெத்தையைப் போட வேண்டும். அக்காவும் அத்தானும் அதில்தான் படுத்தார்கள். விளம்பரத்தில் ‘மூன்று தனி அறை’.

கேப்டன் எங்கே என்று அத்தான் கேட்டார். அந்த அம்மா அவரையே காட்டினார்.

அங்கே வாடகைப் படகை நாமே ஓட்ட வேண்டும், அதற்கு உரிமமும் தேவையில்லை. இது எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை, இதில் படகுக்காரர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்லப்போனால் எங்கள் நிலைமையைப் பார்த்து, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்று சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் நின்று திருப்பும் தண்டை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். லாக்கில் இறங்கும்போது மேல் கதவுக்குக் கீழே ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்பகுதி அதில் மாட்டினால், தண்ணீர் இறங்க இறங்கப் படகு சாய்ந்துவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, விரும்பிப் போகிறவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். காலை நீட்டி உட்காரப் பணம் கட்டியவர்களுக்கு அப்படி இல்லை.

‘மூன்று வேளை இந்திய உணவு’ என்றால் ஒரு கேஸ் அடுப்பும் ஒரு சின்னக் குளிர்பெட்டியும். மளிகையை நாங்களே வாங்கினோம். என் மனைவி கொண்டுவந்திருந்த நெத்திலிச் சம்பல் புட்டி இல்லையென்றால் முதல் ராத்திரி ரொட்டியும் வெண்ணெயும்தான்.

போண்ட்கசல்ட்டே பாலத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி, அதில் கால்வாய் ஓடுகிறது. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டியது, 1805-இல் திறந்தார்கள், 2009-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் ஒன்றுமில்லை. தொட்டியின் விளிம்பு தண்ணீரிலிருந்து கொஞ்சம்தான் மேலே நிற்கிறது, அதற்கப்புறம் வெறும் காற்று. அத்தான் தண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு முருகா முருகா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாலத்தைத் தாண்டி லங்கோலன் போகும் வழியில் கால்வாய் ஒரே படகு போகிற அளவுக்குக் குறுகிவிடும். ஒருவர் இறங்கி முன்னால் நடந்து, எதிரே படகு வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. விளம்பரத்தில் சொன்ன மலைநடைக்குப் பதிலாக எனக்குக் கிடைத்த கால்வாய் நடை அது.

மலையை நாங்களே பார்த்துக்கொண்டோம். லங்கோலனில் கால்வாய்ப் பாலத்தின் பக்கத்திலிருந்தே தினாஸ் பிரான் குன்றுக்குப் பாதை ஏறுகிறது, உச்சியில் 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் இடிபாடு. முந்நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் உயரம், 833 மீட்டர் கொடிமலை ஏறுகிறவர்களுக்குப் பெரிதில்லை, ஆனால் மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. கோட்டைக்குப் பின்னால் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகள் தெரியும். அந்தப் பக்கமாகத்தான் 285 கிலோமீட்டர் நீளமுள்ள ஆஃபாஸ் டைக் நெடும்பாதை போகிறது. இவ்வளவும் ஓசி. ஆளுக்கு 1,400 வெள்ளி ‘மலை வழிகாட்டிக் கட்டணம்’ என்று எங்கள் ரசீதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் படகை ஒப்படைத்துவிட்டு, மூன்று ராத்திரிக்கு அறை தேடினோம். அந்த வாரம் அங்கே பள்ளி விடுமுறை. கிடைத்த அறைக்குக் கேட்ட விலையைக் கொடுத்தோம். பினாங்குத் தம்பியை அழைத்தபோது, “சிஸ்டம் எரர்ணே, வந்ததும் பேசிக்கலாம்” என்றார். வந்ததும் கைப்பேசியை எடுக்கவில்லை.

பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்துக்குப் போனோம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், பொதுவாக வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். அந்தத் தம்பியும் வந்தார். மலை வழிகாட்டியைப் பற்றிக் கேட்டபோது, அக்கா முகநூலில் போட்ட கோட்டைப் படத்தை எடுத்துக் காட்டி, “மலை ஏறியிருக்காங்களே” என்றார்! கடைசியில் மூன்று இரவுக்கான பணம், விசாக் கட்டணம், வழிகாட்டிக் கட்டணம் மூன்றையும் திருப்பித் தர உத்தரவானது. சாப்பாட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அடுப்பு இருந்ததாம். உத்தரவை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம் என்பதால் கடைசி நாளில் பணம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த உரிமமோ, இங்கே வரும் வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துப் போவதற்கு மட்டுமானது என்று அப்புறம் தெரிந்தது. இங்கிருந்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பத் தனிப் பிரிவு உரிமம் வேண்டும். உரிமம் உள்ள நிறுவனங்களைச் சுற்றுலா அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

வேல்ஸில் படகும் மலையும் சேர்த்துப் போக ஆசை இருந்தால் லங்கோலன் பக்கம் ஒரு வாரம், அல்லது பிரெகன் பக்கம் ஒரு வாரம் என்று ஒன்றை மட்டும் எடுங்கள். பிரெகன் பக்கத்தில் டேலிபாண்ட் போன்ற ஊரில் படகைக் கட்டிவிட்டு மலைக்குப் போகலாம். 886 மீட்டர் பென் இ ஃபான் அங்கேதான். யார் விற்றாலும் படகுக்காரர் கொடுத்த பதிவுக் கடிதத்தை உங்கள் பெயரில் கேளுங்கள். இரவு எத்தனை, படுக்கை எத்தனை, ஓட்டுவது யார் என்று அதில் இருக்கும். பிறகு அந்தப் படகுத்துறைக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டுச் சரிபாருங்கள். வழிகாட்டி உண்டு என்றால் ‘மவுண்டன் லீடர்’ என்ற மலை வழிகாட்டித் தகுதி உள்ளவரா என்று கேட்டு, அவரோடு நேரடியாகப் பேச எண் வாங்குங்கள்.

இந்த விளம்பரத்தைப் பார்த்து ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் ரசீதையும் புலன உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியில் இன்றைக்கே சொல்லுங்கள். தீர்ப்பாயத்துக்கு மூன்று ஆண்டு வரை நேரம் உண்டு. எங்கள் மனுவின் நகல் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.