வலக்கையில் மணிக்கூடு: சுஜூதுக்குச் சுகம், சஹனுக்குச் சோதனை

கட்டாரில் இருந்து லீவில் வரப்போகும் மச்சான் ஒருவர் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "மச்சான், நான் ஒரு ஒட்டோமெட்டிக் மணிக்கூடு வாங்கப் போறன். நீங்க வலக்கையிலதானே கட்டுறீங்க, அதில என்ன சுகம்? நானும் அப்படியே கட்டவா?" அவர் கேட்ட அதே கிழமைதான் என்னுடைய மணிக்கூடு திருத்தக் கொடுத்த இடத்தில் இருந்து திரும்பி வந்தது. திருத்தக் கூலியோடு புதுக் கண்ணாடியும் சேர, ஒரு நல்ல மருதமுனைக் கைத்தறிச் சாறனின் விலையைத் தாண்டிவிட்டது. அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும். முடிந்தவரை நியாயமாகவும் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ஜப்பான் தயாரிப்பு ஒட்டோமெட்டிக், கை ஆட்டத்தில் தானாக முறுக்கிக்கொள்ளும் ரகம். சாவி கொடுக்கவும் நேரம் திருத்தவும் திருகுகிற குமிழ் 3 மணிப் பக்கம், இரும்புச் செயின், நாள் பெயர் ஆங்கிலத்திலும் அரபியிலும் வரும். வளைகுடாவில் இருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் வழக்கமான சாமான். கம்பனிப் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை, 3 மணிப் பக்கம் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும் எந்த மணிக்கூட்டுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

முதலில் சுகத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மணிக்கூட்டை இடக்கையில் கட்டினால் 3 மணிப் பக்கம் விரல்களைப் பார்த்து இருக்கும். குமிழும் அந்தப் பக்கம்தான். மணிக்கட்டை மேலே மடித்தால் குமிழ் நேராகப் புறங்கையில் போய்க் குத்தும். மேசையில் கையூன்றி எழும்பும்போது குத்தும், மோட்டார் சைக்கிளில் கிளட்ச் பிடிக்கும்போது இலேசாகக் குத்தும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. ஆனால் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதில் இரண்டு உள்ளங்கையும் நிலத்தில் பதிய வேண்டும். உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு கையில் இறங்கும், மணிக்கட்டு கிட்டத்தட்ட செங்கோணத்துக்கு மடியும். கட்டாயத் தொழுகையான பர்ளு மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத், அதாவது 17 சுற்று. ரக்அத்துக்கு இரண்டு சுஜூது என்றால் 34. மேலதிகத் தொழுகைகளான சுன்னத்துகளையும் சேர்த்துப் பாருங்கள். நோன்பு மாத இரவுத் தொழுகையான தராவீஹை 20 ரக்அத் தொழுகிற பள்ளியில் அதற்கு மட்டும் 40 சுஜூது. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் அந்தக் குமிழ். நோன்பு மாதம் முடியும்போது என் இடது புறங்கையில் கறுத்த அடையாளம் ஒன்று நிரந்தரமாகவே இருந்தது. அதைவிட மோசம், "சுப்ஹான ரப்பியல் அஃலா" என்று சொல்கிற நேரத்தில் மனம் குமிழில் போய் நிற்பது. தொழுகையில் கவனத்தைப் பறிக்கிற எதுவும் எனக்குச் சின்ன விசயமில்லை.

வலக்கைக்கு மாற்றியதும் இது ஒரே நாளில் நின்றது. வலக்கையில் கட்டினால் 3 மணிப் பக்கம் முழங்கையைப் பார்க்கும், குத்துவதற்கு அந்தப் பக்கம் எதுவுமில்லை. விரல் பக்கம் வருவது 9 மணி ஓரம், அது மழமழவென்று இருக்கும். அக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் போனாலும் கையில் ஒரு வலி இல்லை. அந்த அடையாளமும் மெல்ல மெல்ல மறைந்தது.

மணிக்கூட்டை இடக்கையில் கட்டுவது ஏதோ எழுதிவைத்த சட்டம் போலப் பலர் கதைப்பார்கள். சாவி கொடுக்கிற காலத்துப் பழக்கம் அது. முன்னர் சட்டைப்பையில் சங்கிலியோடு கிடந்த மணிக்கூடு, 1914 முதல் 1918 வரையான முதலாம் உலகப்போரில் பட்டாளத்துக்காரரின் கைக்கு ஏறியது. பெரும்பாலானவர்களுக்கு வேலைக் கை வலது, ஆகவே மணிக்கூடு இடதுக்குப் போனது. ஒவ்வொரு நாளும் வலக்கையால் சாவி கொடுக்க வசதியாகக் குமிழும் 3 மணிப் பக்கத்தில் நிலைத்தது. ஒட்டோமெட்டிக்குக்கு அந்தத் தேவை இல்லை, கை ஆட ஆட உள்ளே இருக்கும் பாரம் சுழன்று தானாக முறுக்கிக்கொள்ளும். குமிழை நான் முக்கியமாகத் தொடுவது திகதி திருத்தத்தான். 31 நாள் இல்லாத மாதங்கள் ஐந்து, அந்த ஐந்தும் முடியும்போது ஒவ்வொரு தடவை. அதையும் கழற்றி வைத்துத்தான் செய்கிறோம். வருடத்தில் ஐந்து தடவைக்காக மிச்ச நாளெல்லாம் குமிழை விரல் பக்கம் வைத்திருக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு ரபேல் நடால் வலக்கையில் மணிக்கூடு கட்டி ஆடியது நினைவிருக்கும். அவர் மட்டை பிடிப்பது இடக்கையில், ஆகவே அவருக்கு ஓய்வான கை வலது. அடி விழாத கையில் கட்டு என்பதுதான் அந்தக் கணக்கு. இடக்கைக்காரருக்கென்றே குமிழை 9 மணிப் பக்கம் வைத்த மணிக்கூடுகளும் உண்டு. 2022இல் ரோலக்ஸே அப்படி ஒன்றை வெளியிட்டது. வலக்கையில் கட்டினால் அதன் குமிழ் மீண்டும் விரல் பக்கம் வந்துவிடும். இடக்கைக்காரர் அதைக் கட்டிய வலக்கையை நிலத்தில் ஊன்றித் தொழுதால் அவருக்கு என் பழைய துன்பம் அப்படியே கிடைக்கும். வாங்க முதல் யோசிக்க வேண்டிய விசயம் இது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. செருப்பு அணிவதில், தலை வாருவதில், சுத்தம் செய்வதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலதை முற்படுத்த விரும்பினார்கள் என்பது ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸ். மோதிரத்தைப் பொறுத்தவரை வலக்கைக்கும் அறிவிப்பு இருக்கிறது, இடக்கைக்கும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மற்றவரின் கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என் காரணம் அந்தக் குமிழ்தான்.

வலக்கையில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை, கை தொங்கிக்கொண்டிருக்கும் நேரம் அதிகம். இடக்கை தொங்கும்போது குமிழ் கீழ்நோக்கி இருக்கும், வலக்கை தொங்கும்போது மேல்நோக்கி. பற்றரி இல்லாத எஞ்சின் மணிக்கூடு எந்த நிலையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். என்னுடையது இடக்கையில் இருந்தபோது முந்தி ஓடிக்கொண்டே இருந்தது, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்னர் ஒவ்வொரு கிழமையும் நேரம் சரிபார்க்க வேண்டும். வலக்கைக்கு வந்தபின் அந்த ஓட்டம் நன்றாகக் குறைந்தது. எல்லா மணிக்கூடும் இப்படி இராது, சிலதில் நேர்மாறாகப் போகலாம். ஆனால் கை மாற்றினால் நேரம் போகிற விதமும் மாறலாம் என்பதை ஒட்டோமெட்டிக் கட்டுகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி என் ஆத்திரம்.

நாம் உண்பது வலக்கையால். வீட்டில் கோப்பையில் சாப்பிடும்போது சமாளிக்கலாம். கலியாண வீட்டில் சஹன் என்ற பெரிய பொதுத் தட்டில் சமாளிக்க முடியாது. ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் கை போடுகிறோம். நெய்ச்சோறு மலைபோல் இருக்கும், இறைச்சிக் கறியும் கத்தரிக்காயும் மேலே. நடுவுக்குக் கையை நீட்டினால் செயின் சோற்றைத் தொடும். கவளத்தை வாய்க்குத் தூக்கும்போது விரலில் இருந்த நெய் மணிக்கட்டுக்கு இறங்கிச் செயினின் கண்ணிகளுக்கு இடையில் போய்ச் சேரும். பக்கத்தில் இருக்கிறவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அவர் கண் செயினில் இருக்கும். ஐந்து பேர் உண்ணுகிற சோற்றில் நான் நாள் முழுக்கக் கட்டிய இரும்பு படுவது எனக்கே பிடிக்காத விசயம். கழற்றிச் சட்டைப்பையில் போடலாம் என்றால், கை கழுவத் தண்ணீர் வந்து போனபிறகுதான் பெரும்பாலும் நினைவு வரும். கழுவிய கையால் செயினைத் தொட்டுக் கழற்றி, மீண்டும் கழுவ எழும்புவதா? பந்தி காத்திருக்கும்.

திருத்தக் கொடுத்தபோது அந்தக் கடைக்கார அண்ணன் செயினைச் சவர்க்காரம் போட்ட வெந்நீரில் ஊறவைத்துக் காட்டினார். மண்ணிறத்தில் ஒரு கசடு மிதந்தது. பழைய நெய் நாற்றம். கடற்கரைக் காற்றில் உப்பும் வியர்வையும் ஏற்கனவே உண்டு, அதில் எண்ணெய் சேர்ந்தால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணிகளைக் கோர்க்கிற ஊசிகள் தேய்ந்துபோகும் என்றார். என்னுடையதில் பூட்டே சரியாக விழாமல் போயிருந்தது. தொழ முதல் கைகால் கழுவும் ஒழுவுக்காகக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவதும் காரணம்தான், அதை இடக்கையில் கட்டுகிறவர்களும் செய்கிறார்கள். ஆனால் கசடு முழுக்க வலக்கையின் கணக்கு.

அடுத்தது கடை. சாறியை விரித்துக் காட்டும்போது துணியைத் தடவி நீவிவிடுவது வலக்கை. பூட்டின் ஓரத்தில் ஒரு சிறு பிசிறு இருந்தாலும் போதும், பட்டு நூலை இழுத்துவிடும். இழை வெளியே வந்த துணியை எந்த வாடிக்கையாளரும் வாங்க மாட்டார், அது முதலாளிக்கு நேரடி நட்டம். பெருநாள் சீசனில், ஆள் நெருக்கத்தில், மேலே கிடக்கிற துணிக்கட்டை எட்டி எடுப்பதும் வலக்கை, ஷட்டரைத் தூக்குவதும் வலக்கை, மீற்றர் கோலை வீசி அளப்பதும் வலக்கை. கண்ணாடியில் விழுந்த கீறல்களைப் பார்த்தால் எது எங்கே பட்டது என்று என்னால் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். இடக்கையில் இருந்த காலத்தில் இந்தக் கண்ணாடி புதுசு போலவே இருந்தது.

எங்கள் கடைக்கு வருகிற பாண்டிருப்பு நண்பர் ஒருவரும் வலக்கையில் மணிக்கூடு கட்டுகிறவர்தான். திரௌபதை அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் ஆண்களுக்குக் காப்பு வலக்கையில் கட்டுவார்கள். அந்த நாட்களில் அவர் மணிக்கூட்டை இடக்கைக்கு மாற்றிவிடுவார். மாற்றிய முதல் இரண்டு நாளும் நேரம் பார்க்க வெறும் காப்பைத்தான் திருப்பிப் பார்ப்பதாகச் சொன்னார். கைப்பழக்கம் அப்படிப்பட்டது. மாற்றுகிறவர்கள் ஒரு கிழமையாவது பொறுத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

செயினுக்குப் பதிலாக வேறு பட்டி போடலாமே என்பீர்கள். தோல் பட்டி ஒழுவோடு ஒத்துப்போகாது, கழற்றி வைத்தாலும் ஈரக்கையில்தான் மீண்டும் கட்டுகிறோம், சீக்கிரம் நாறிவிடும். நைலோன் பட்டி இலேசு, நூலை இழுக்காது, ஆனால் கறியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சிலிக்கன் பட்டிதான் இப்போது போட்டிருக்கிறேன். கழுவினால் சுத்தமாகிறது, துணியிலும் சிக்குவதில்லை, வெயிலில் வியர்க்கிறது. இரும்புச் செயினின் பாரமும் குளிர்ச்சியும் இல்லாத மணிக்கூடு எனக்கு அரை மணிக்கூடுதான்.

சரி, எந்தக் கை? புகழ்ந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வலது வெல்லும். ஆனால் காசு கொடுத்து வந்த இந்தக் கிழமையில் என்னிடம் கேட்டால், இடது. மச்சானுக்கும் அதையே எழுதிவிட்டேன்: இரும்புச் செயின் ஆசை இருந்தால், கலியாண வீட்டுச் சாப்பாடு தவறவிடாத ஆள் என்றால், இடக்கையிலேயே கட்டுங்கள், ஆனால் குமிழ் 4 மணிப் பக்கம் இருக்கிறதைப் பார்த்து வாங்குங்கள். சீக்கோ 5 வரிசையில் 1963இல் வந்த முதல் மணிக்கூட்டில் இருந்தே பெரும்பாலானவற்றில் குமிழ் அந்தப் பக்கம், பலதில் உடம்புக்குள் கொஞ்சம் பதிந்தும் இருக்கும், புறங்கையில் அவ்வளவாக முட்டாது. எதை எடுத்தாலும் கடையிலேயே கட்டி, உள்ளங்கையைக் கண்ணாடி மேசையில் பதித்து, சுஜூதில் மடிக்கிற அளவுக்கு மடித்துப் பாருங்கள். குத்தினால் அந்தச் சாமான் அந்தக் கைக்கு ஆகாது, விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

என்னுடையது 3 மணிக் குமிழ், அதை மாற்ற வழியில்லை. இப்போதைக்கு இடக்கையில் கிடக்கிறது, புறங்கையில் சிவப்பு மீண்டும் வரத் தொடங்கிவிட்டது. றமழான் பிறந்தால் வலக்கைக்குப் போகும். பகலில் சாப்பாடு இல்லை, இரவில் தராவீஹ் இருக்கிறது. பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கிற கடைசிப் பத்து நாளில், கடைக்குள் நிற்கும் நேரம் மட்டும் கழற்றிக் காசு லாச்சியில் வைத்துவிடுவேன்.