செயின்ட் லூயிஸா, கன்சாஸ் சிட்டியா?

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் செயின்ட் லூயிஸ், மேற்கு ஓரத்தில் கன்சாஸ் சிட்டி. நடுவே சுமார் 400 கிலோமீட்டர். ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோரையும் பிள்ளைகளையும் எங்கே அழைத்துப் போவது என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, இரண்டு ஊர்களையும் ஏற்கெனவே பார்த்தவன் என்பதால் முடிவு என் தலையில் விழுந்தது. செயின்ட் லூயிஸ் என்றேன்.

பழமையில் போட்டியே இல்லை. 1764இல் பிரெஞ்சு விலங்குத்தோல் வணிகர்கள் நிறுவிய ஊர் செயின்ட் லூயிஸ். கன்சாஸ் சிட்டி வளர்ந்ததெல்லாம் 1869இல் மிசூரி ஆற்றின் மேல் ரயில் பாலம் வந்த பிறகுதான். செயின்ட் லூயிஸில் 1965இல் கட்டி முடிக்கப்பட்ட 630 அடி எஃகு வளைவான கேட்வே ஆர்ச்சைப் பற்றியும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் உச்சிக்குப் போகும் பெட்டியைப் பற்றி முதியவர்களோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாசல் நான்கடி உயரம்தான். உள்ளே ஐந்து பேர் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் கீழே இருக்கும் அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் கன்சாஸ் சிட்டிக்குத்தான் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் புகையில் வாட்டிய இறைச்சியைச் செய்தித்தாளில் மடித்து விற்றதில் தொடங்கியது அங்கத்திய பார்பிக்யூ மரபு. நான் சைவம், எனவே அதன் ருசியைப் பற்றி நண்பர்கள் சொன்னதை நம்புவதோடு சரி. ஜாஸ் இசையிலும் என் கேள்வி ஞானம் குறைவு. மதுவிலக்குக் காலத்தில் டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் புள்ளியின் தயவில் விடிய விடிய திறந்திருந்த விடுதிகளில்தான் அந்த ஊரின் ஜாஸ் வளர்ந்தது என்பதும், சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் அங்கே வளர்ந்தவர் என்பதும் வரை தெரியும்.

கன்சாஸ் சிட்டியில் என்னை உண்மையிலேயே அசைத்தது நீக்ரோ லீக் பேஸ்பால் அருங்காட்சியகம். வெள்ளையர் அணிகளில் இடம் மறுக்கப்பட்ட வீரர்களுக்கான லீக் 1920இல் அந்த ஊரில்தான் உருவானது. உள்ளே நுழைந்ததும் கம்பி வலைக்கு அப்பால் ஒரு சிறு மைதானமும் வெண்கல வீரர்களும் தெரிகிறார்கள். ஆனால் முழு வரலாற்றையும் சுற்றி முடித்த பிறகுதான் அந்த மைதானத்தில் கால் வைக்க முடியும். பேஸ்பால் விதிகள் தெரியாதவர்களுக்கும் அது புரியும்.

இத்தனைக்கும் பிறகு செயின்ட் லூயிஸ் என்று சொல்ல வைத்தது கட்டணம்தான். ஃபாரஸ்ட் பார்க் என்ற சுமார் 1,300 ஏக்கர் பூங்காவுக்குள் உயிரியல் பூங்கா, கலை அருங்காட்சியகம், வரலாற்று அருங்காட்சியகம் மூன்றும் இருக்கின்றன. மூன்றுக்கும் பொது நுழைவு இலவசம். 1904 உலகக் கண்காட்சி நடந்த இடம் அது. கண்காட்சிக்காக ஸ்மித்சோனியன் நிறுவனம் எழுப்பிய பிரம்மாண்டப் பறவைக் கூண்டை 3,500 டாலருக்கு ஊரார் வாங்கிக்கொண்டார்கள். உயிரியல் பூங்கா அதைச் சுற்றியே வளர்ந்தது. கூண்டும் இன்றுவரை நிற்கிறது. 1916இல் மக்கள் தாங்களே வாக்களித்து அந்த உயிரியல் பூங்காவுக்காக ஒரு வரியை ஏற்றுக்கொண்டார்கள்.

அதைவிட முக்கியமானது 1971. நகரம் 1876இலேயே தன்னைச் சுற்றியுள்ள கவுண்டியிலிருந்து (நம்மூர் மாவட்டம் போன்றது) பிரிந்துகொண்டது. பிறகு பணக்காரர்கள் எல்லைக்கு வெளியே குடியேற, 1950இல் எட்டரை லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 2020இல் மூன்று லட்சமாகச் சுருங்கியது. நகரம் மட்டும் செலவைத் தாங்கியிருந்தால் இவை எப்போதோ டிக்கெட் கிழிக்கத் தொடங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. 1971இல் நகரமும் கவுண்டியும் சேர்ந்து சொத்து வரியில் ஒரு பங்கை உயிரியல் பூங்காவுக்கும் கலை அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்க வாக்களித்தன. வரலாற்று அருங்காட்சியகம் பின்னர் அதில் சேர்ந்தது. மற்ற எதிலும் ஒட்டாத இரண்டு தரப்பும் யானைகளுக்கும் ஓவியங்களுக்கும் ஒன்று சேர்ந்தது வேடிக்கைதான்.

நியாயமாகச் சொன்னால் கன்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் கலைக்கூடமும் இலவசம். சீனக் கலைப் பொருள்களில் அதன் சேகரிப்பு அபாரம். நகரின் டிராமுக்கும் டிக்கெட் கிடையாது. ஆனால் முதல் உலகப் போர் அருங்காட்சியகம், 1856இல் மூழ்கி 1988இல் சோளக்காட்டிலிருந்து தோண்டியெடுத்த அரேபியா நீராவிக் கப்பல் என்று அடுத்தடுத்துப் பார்க்கப் போனால் ஒவ்வொரு வாசலிலும் ஆறு பேருக்குப் பர்ஸைத் திறக்க வேண்டும். டிக்கெட் வாங்கிவிட்டால் கொடுத்த காசுக்குப் பார்த்தே தீர வேண்டும் என்று அப்பா அடம்பிடிப்பார். இலவச இடத்தில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, அம்மாவுக்குக் கால் வலித்தால் எழுந்து வந்துவிடலாம். மறுநாள் திரும்பவும் போகலாம்.

செயின்ட் லூயிஸ் போனால் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி இல்லினாய் மாநிலத்தில் இருக்கும் கஹோக்கியாவையும் விட்டுவிடாதீர்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பூர்வகுடிகள் எழுப்பிய, சுமார் 100 அடி உயர மண் மேடு அங்கே இருக்கிறது. செயின்ட் லூயிஸுக்குள்ளும் இத்தகைய மேடுகள் இருந்தன. கடைசிப் பெரிய மேட்டை 1869இல் வெட்டித் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கஹோக்கியாவில் நிழல் குறைவு, படிகள் அதிகம். கோடையில் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.